மன்னார் வளைகுடாத் தீவுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மொத்தம் 21 தீவுகளா, 19ஆ? ஆளுக்கொரு எண் சொல்கிறார்களே?

இரண்டும் சரிதான். அரசுப் பட்டியலில் 21 பெயர்கள் இருக்கின்றன. தண்ணீருக்கு மேல் நிலமாக நிற்பவை 19. தூத்துக்குடிப் பக்கம் விலாங்குசல்லியும் கீழக்கரைப் பக்கம் பூவரசன்பட்டியும் மூழ்கிவிட்டன. மூழ்கிய தீவுகளைச் சுற்றிப் பார் (பவளப்பாறைத் திட்டு) இன்னும் இருக்கிறது, பாதுகாப்பும் தொடர்கிறது. அதனால்தான் அவற்றின் பெயர்களைப் பட்டியலிலிருந்து எடுக்கவில்லை. பழைய கணக்கில் விலாங்குசல்லி 0.95 ஹெக்டேர், பூவரசன்பட்டி 0.5 ஹெக்டேர். தொடக்கத்திலேயே பட்டியலில் மிகச் சிறியவை இவை இரண்டும்தான்.

சரியாக எங்கே இருக்கின்றன? பெயர்களை வரிசையாகச் சொல்ல முடியுமா?

தூத்துக்குடிக்கும் பாம்பனுக்கும் இடையே, ராமநாதபுரம், தூத்துக்குடி மாவட்டக் கரைகளுக்கு இணையாக ஒரே சங்கிலியாகக் கிடக்கின்றன. அட்சரேகை 8°47' முதல் 9°15' வடக்கு, தீர்க்கரேகை 78°12' முதல் 79°14' கிழக்கு. பெரும்பாலானவை கரையிலிருந்து 10 கிலோமீட்டருக்குள் உள்ளன. தென்மேற்கிலிருந்து வடகிழக்காகப் போனால் நான்கு கூட்டங்கள் வரும்.

தூத்துக்குடிக் கூட்டம் (4): வான், காசுவாரி, விலாங்குசல்லி, காரைச்சல்லி.
வேம்பார்க் கூட்டம் (3): உப்புத்தண்ணி, புழுவினிச்சல்லி, நல்லதண்ணி.
கீழக்கரைக் கூட்டம் (7): ஆனைப்பார், வாலிமுனை, பூவரசன்பட்டி, அப்பா, தலையாரி, வாலை, முள்ளி.
மண்டபம் கூட்டம் (7): முயல், மனோலி, மனோலிபுட்டி, பூமரிச்சான், புள்ளிவாசல், குருசடை, சிங்கில்.

எழுத்துக்கூட்டல் இடத்துக்கு இடம் மாறும். காரைச்சல்லியைக் கரியாச்சல்லி என்றும், முயல் தீவை முசல் தீவு என்றும், காசுவாரியைக் கோசுவாரி என்றும் எழுதுவார்கள். வரைபடத்தில் தேடும்போது இரண்டு வடிவங்களையும் போட்டுப் பாருங்கள்.

பெரும்பாலான பெயர்களைக் கேட்டாலே இடத்தின் இயல்பு தெரிந்துவிடும். 'சல்லி' என்றால் உடைகல். அந்தத் தீவுகளின் கரையில் கிடப்பதும் உடைந்த பவளக்கல்தான். 'பார்' கடலடிப் பாறைத் திட்டு. குருசடை 'குருசடி'யிலிருந்து, அதாவது சிலுவை நட்ட இடம் என்பதிலிருந்து வந்தது.

தூத்துக்குடியில் நாங்கள் ஞாயிற்றுக்கிழமை பைக்கிலேயே முயல் தீவுக்குப் போகிறோம். அது தேசியப் பூங்காவா?

இல்லை. அடிக்கடி வரும் குழப்பம் இது. தூத்துக்குடித் துறைமுகத்தை ஒட்டி, கலங்கரை விளக்கத்தோடு, இப்போது நிலத்தோடு இணைந்து கிடக்கும் முயல் தீவுக்குப் பாண்டியன் தீவு என்றும் பெயர். அது 21இல் சேராது. பட்டியலில் உள்ள முயல் தீவு மண்டபத்துக்குத் தெற்கே, கடலுக்குள் இருக்கிறது. 129 ஹெக்டேர் பரப்போடு சங்கிலியிலேயே பெரிய தீவு அதுதான்.

ராமேஸ்வரம் தீவும் 21இல் இல்லை, அங்கே ஊர்கள் உண்டு. தனுஷ்கோடிக்கு அப்பால் தலைமன்னார் வரை போகும் மணல் தீடைகள் வேறொரு அமைப்பு. கச்சத்தீவு இருப்பது பாக் நீரிணைப் பக்கம். 1974 உடன்பாட்டின்படி அது இலங்கையைச் சேர்ந்தது.

இந்தத் தீவுகள் எப்படி உண்டாயின? எரிமலையா, நிலத்திலிருந்து அறுந்த துண்டா?

இரண்டும் இல்லை. கரைக்கு இணையாகப் பழைய பவளப் பார்களும் மணற்கல் திட்டுகளும் கடலடியில் வரிசையாக ஓடுகின்றன. அலை அங்கே உடைகிறது. உடையும்போது பவளத்தைச் சல்லியாக நொறுக்கித் திட்டின் மேல் குவிக்கிறது. சிப்பி ஓடு, சங்குத் துண்டு, சுண்ணாம்புப் பாசி எல்லாம் அரைபட்டு வெள்ளை மணலாகச் சேர்கிறது. அந்தக் குவியல் தண்ணீருக்கு மேல் வந்ததும் அடம்புக் கொடி படர்ந்து மணலைப் பிடித்துக்கொள்கிறது. தீவு என்று நாம் சொல்வது இந்தக் குவியலைத்தான்.

காலக்கணக்குக்கு ஒரு சான்று உண்டு. ராமேஸ்வரம், பாம்பன் கரையில் இன்றைய கடல்மட்டத்துக்கு மேலே நின்றுபோன பழம்பார் இருக்கிறது. கதிர்க்கரிமக் கணிப்பு அதற்குச் சுமார் 4000 ஆண்டு வயது தருகிறது. அன்று கடல்மட்டம் இன்றைவிடச் சற்று உயரம். அது இறங்கியபோது ஆழம் குறைந்த திட்டுகளில் குவியல் நிற்க வசதி ஏற்பட்டது. நிலவியல் கணக்கில் இவை நேற்றுப் பிறந்த தீவுகள்.

உயிருள்ள பார்களில் இரண்டு வகை. ஒன்று, தீவை ஒட்டி அதன் கடல் பக்கமாக ஓடும் கரையோரப் பார். மற்றொன்று 2 முதல் 9 மீட்டர் ஆழத்திலிருந்து தனித்தனியாக எழும் திட்டுப் பார். இவை 1 முதல் 2 கிலோமீட்டர் நீளமும் 50 மீட்டர் வரை அகலமும் இருக்கும்.

தீவின் ஒரு பக்கம் கல்லாகவும் மறுபக்கம் சேறாகவும் இருப்பது ஏன்?

தெற்கே திறந்த கடல், வடக்கே நிலப்பகுதி. தெற்குக் கரையில் அலை நேராக அடிப்பதால் சல்லிக்கல் மேடு உருவாகிறது, நுண்மணல் அங்கே தங்காது. வடக்குப் பக்கம் தீவின் நிழலில் நீர் அமைதியாக இருப்பதால் நுண்மணலும் வண்டலும் படிகின்றன. அந்தத் தரையில் கடற்புல் வேர்விடும், கரையோரத்தில் கண்டல் (அலையாத்தி மரம்) நிற்கும். கீழக்கரை, மண்டபம் கூட்டங்களில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். வாலையும் தலையாரியும், மனோலியும் மனோலிபுட்டியும் நெருங்கிக் கிடக்கும் இணைகள். அவற்றுக்கு இடையே நீர் மிக ஆழம் குறைவு.

இரண்டு தீவுகள் மூழ்கியதற்குக் கடல்மட்ட உயர்வுதானே காரணம்?

செய்திகளில் அப்படித்தான் வருகிறது. கடல்மட்ட உயர்வுக்கும் பங்கு உண்டு. ஆனால் முதல் காரணம் பவளக்கல் வெட்டியது. பல பத்தாண்டுகள் பார்களிலிருந்து கல்லைப் பெயர்த்துப் படகு படகாகக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். சுண்ணாம்புச் சூளைக்கும், கால்சியம் கார்பைடு தயாரிப்புக்கும், கட்டுமானத்துக்கும் அது போனது. 2001இல் பவளங்கள் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. 2005 வாக்கில்தான் வெட்டு நின்றது. தூத்துக்குடிக் கூட்டம் அதிகம் அடிபட்டது.

கல்லை எடுத்தால் தீவு ஏன் கரைகிறது என்பதற்கு ஒரு எளிய கணக்கு. நீரின் ஆழத்தில் ஏறத்தாழ 0.78 மடங்கு உயரத்தை எட்டும்போது அலை உடைகிறது. பாரின் தலைக்கு மேல் 0.5 மீட்டர் தண்ணீர் இருந்தால், சுமார் 0.4 மீட்டர் அலைதான் அதைத் தாண்டித் தீவுக்கு வர முடியும். அதைவிடப் பெரியது பாரின் மேலேயே உடைந்துபோகும். அந்தப் பாரை 1.5 மீட்டர் வெட்டி எடுத்துவிட்டால் தண்ணீர் 2 மீட்டர். இப்போது 1.5 மீட்டருக்கும் சற்று மேலான அலை உள்ளே வரும். உயரம் 4 மடங்கு. அலையின் ஆற்றல் உயரத்தின் வர்க்கத்தோடு கூடுவதால் கரையில் இறங்குவது சுமார் 16 மடங்கு. கடல்மட்டம் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் உயர்வதை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

பாதிப்பு இத்தோடு நிற்பதில்லை. புதிய சல்லியும் மணலும் உயிருள்ள பாரிலிருந்துதான் வரவேண்டும். பார் செத்தால் வரவு நின்று செலவு மட்டும் ஓடுகிறது.

வான் தீவின் பரப்பு ஒரு அறிக்கையில் 16 ஹெக்டேர், இன்னொன்றில் 26 ஹெக்டேர், மற்றொன்றில் 2, 4 என்றெல்லாம் இருக்கிறது. எதை நம்புவது?

தீவு பெரும்பகுதியை இழந்துவிட்டது என்பதில் எந்த அறிக்கைக்கும் மாறுபாடு இல்லை. எண்கள் விலகுவது அளக்கும் முறையால். மூன்று இடங்களில் தவறு புகுகிறது.

முதலாவது, வற்றமா பெருக்கா என்பது. இங்கே ஏற்றவற்றம் ஒரு மீட்டருக்குள் அடங்கும். சின்ன எண்தான், ஆனால் கரை சாய்வு 20க்கு 1 என்றால் நீர் அரை மீட்டர் ஏறும்போது கரைக்கோடு 10 மீட்டர் உள்ளே நகரும். 100 மீட்டர் ஆரம் கொண்ட வட்டத் தீவின் பரப்பு 3.14 ஹெக்டேர். ஆரம் 90 மீட்டர் ஆனால் 2.54. ஒரே நாளில் காலையும் மாலையும் எடுத்த இரண்டு படங்கள் 19 விழுக்காடு 'அரிப்பு' காட்டிவிடும்.

இரண்டாவது, படப்புள்ளியின் அளவு. 1970களின் லேண்ட்சாட் செயற்கைக்கோள் படத்தில் ஒரு புள்ளி சுமார் 80 மீட்டர், அதாவது 0.64 ஹெக்டேர். மேற்சொன்ன தீவு அதில் ஐந்து புள்ளிதான். பிந்தைய 30 மீட்டர் படத்தில் 35 புள்ளி, அதிலும் 20க்கு மேல் பாதி நிலம் பாதி நீரான ஓரப் புள்ளிகள். சென்டினல்-2 தரும் 10 மீட்டர் படத்தில் 300க்கு மேல் கிடைக்கும். பழைய படத்தையும் புதிய படத்தையும் அப்படியே கழித்துப் பார்ப்பது தவறு.

மூன்றாவது, எதைக் கரைக்கோடு என்கிறோம் என்பது. ஈர மணல் எல்லையா, செடி தொடங்கும் கோடா? செடிக்கோடு ஏற்றவற்றத்தோடு ஆடாது. பல ஆண்டுப் போக்கைப் பார்க்க அதுவே நம்பகமானது. பெரும்பாலானோர் ஈர மணல் எல்லையை எடுக்கிறார்கள், அது படத்தில் எளிதாகத் தெரியும் என்பதற்காக.

நீங்களே செய்து பார்க்க நினைத்தால்: ஒவ்வொரு ஆண்டும் ஒரே மாதத்துப் படம், மேகமில்லாத நாள், படம் எடுத்த நேரத்துக்குத் தூத்துக்குடி அல்லது பாம்பன் ஏற்றவற்ற அட்டவணையில் நீர்மட்டம் 10 சென்டிமீட்டருக்குள் ஒத்திருக்க வேண்டும். பிப்ரவரி, மார்ச் பொருத்தமான மாதங்கள், கடல் தெளிவாக இருக்கும். கடற்புல் படுகை படத்தில் கருப்பாகத் தெரிவதைச் செடி என்று எண்ணிவிடாதீர்கள். அகச்சிவப்பு அலைவரிசையில் பார்த்தால் நீருக்கடியில் இருக்கும் புல் மறைந்துவிடும், நிலத்துச் செடி பளிச்சென்று தெரியும்.

செயற்கைப் பார் போட்டதில் பலன் உண்டா?

வான் தீவைச் சுற்றி 2015 இறுதியிலிருந்து சரிவக வடிவக் கான்கிரீட் கூடுகளை, ஓட்டைகளோடு, 10,000க்கு மேல் இறக்கினார்கள். கரைந்துபோகும் என்று எதிர்பார்த்த தீவு நின்றது, ஓரளவு மணலும் சேர்ந்தது. கூட்டின் வேலை பழைய பாரின் வேலைதான், அலையைத் தொலைவிலேயே உடைப்பது. ஓட்டை இருப்பதற்குக் காரணம் உண்டு. முழுச்சுவர் போட்டால் அலை மோதித் திரும்பும்போது அடிமணலை அரித்துக்கொண்டு போகும், சுவரும் சாயும். ஓட்டை வழியே கொஞ்சம் நீர் போனால் மோதலின் வேகம் குறைகிறது, மீனுக்கும் இடம் கிடைக்கிறது.

காரைச்சல்லியின் நிலைமை இன்னும் மோசம். 1969இல் சுமார் 21 ஹெக்டேர் இருந்தது, இப்போது அதில் சிறு பங்குதான் மீதி. அங்கும் இதே முறையைக் கையில் எடுத்திருக்கிறார்கள். ஒன்றை மறக்கக் கூடாது: கான்கிரீட் அலையை உடைக்கும், மணலைத் தயாரிக்காது. பவளக் கிளைகளை நட்டு வளர்க்கும் வேலையையும் சேர்த்துச் செய்யாத இடத்தில் இது கால அவகாசம் வாங்கும் வேலை மட்டுமே.

'நல்லதண்ணி' என்று பெயரே இருக்கிறது. பிறகு ஏன் யாரும் குடியிருக்கவில்லை?

மணல் தீவில் மழைநீர் கீழிறங்கி, உப்புநீரைவிட எடை குறைந்ததால் அதன் மேல் மிதக்கும். பாடக் கணக்குப்படி, கடல்மட்டத்துக்கு மேல் ஒரு சென்டிமீட்டர் நன்னீர் நின்றால் கீழே 40 சென்டிமீட்டர் இருக்கும். இந்தத் தீவுகளில் அந்தக் கணக்கு முழுதாகப் பலிக்காது. சல்லிக்கல் இடுக்குகளில் ஏற்றவற்றம் தாராளமாகப் போய்வருவதால் நன்னீரும் உப்பும் கலந்துவிடும். அகலமான தீவில் நடுவே கொஞ்சம் தேறும், குறுகிய தீவில் ஒன்றும் தேறாது. ஊற்று தோண்டுகிறவர் ஆழமாகத் தோண்டினால் கெட்டது, அகலமாகவும் ஆழம் குறைவாகவும் தோண்ட வேண்டும். வேகமாக இறைத்தால் அடியிலிருந்து உப்பு கூம்பாக மேலேறும், ஏறியது இறங்க அடுத்த மழை வேண்டும். இந்தக் கரையோ மழை குறைந்த கரை. கிடைக்கும் மழையில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டித் தீர்ந்துவிடும்.

தண்ணீரோடு தாழ்வான தரை, புயல் ஆகியவையும் சேர்ந்துதான் நிலையான குடியிருப்பைத் தடுத்தன. மீன்பிடிக்கவும் பாசி எடுக்கவும் வந்து தங்கிப் போவது நெடுங்காலமாக இருந்தது. இப்போது சட்டமும் தடுக்கிறது.

காற்றும் நீவாடும் (கடல் நீரோட்டமும்) எப்படி மாறும்?

மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்கிலிருந்து கச்சான். அப்போது நீவாடு பாம்பன் வாய் வழியே வளைகுடாவிலிருந்து பாக் நீரிணைக்குள் போகும். கடல் கலங்கி, தெற்குக் கரை அரிபடும். அக்டோபர் முதல் ஜனவரி வரை வாடை. நீவாடு திரும்பும், மணலும் திரும்ப நகரும். தீவின் முனையில் நீளும் மணல் நாக்கு ஆறு மாதம் ஒரு பக்கம், ஆறு மாதம் மறுபக்கம் வளைந்திருப்பது இதனால்தான். ஜூலையில் பார்த்துவிட்டு 'கிழக்கு முனை வளர்கிறது' என்று எழுதினால் ஜனவரியில் அந்தக் கூற்று நிற்காது.

என்ன செடிகள் இருக்கின்றன?

கரையோரம் அடம்பு, ராவணன் மீசைப் புல். உப்புத் தரையில் உமரி. வடக்குப் பக்கத்துச் சேற்றில் வெண்கண்டல். உள்ளே பூவரசு, உடை போன்ற மரங்கள். சீமைக்கருவேலம் சில தீவுகளில் நுழைந்திருப்பது கவலைக்குரியது, ஏனென்றால் அது அடர்ந்தால் மற்றவை எழும்பாது.

தீவு மட்டும் பாதுகாப்பா, சுற்றியுள்ள கடலுமா? எல்லையை எப்படித் தெரிந்துகொள்வது?

கடலும் சேர்த்துத்தான். 1986இல் தேசியக் கடல் பூங்காவாக அறிவித்தார்கள், பரப்பு 560 சதுர கிலோமீட்டர். எல்லாத் தீவுகளின் நிலத்தையும் கூட்டினால் சுமார் 6 சதுர கிலோமீட்டர்தான் வரும். பூங்காவில் ஒரு விழுக்காடுதான் தரை, மற்றதெல்லாம் தண்ணீர். இதைச் சுற்றி 10,500 சதுர கிலோமீட்டர் உயிர்க்கோளக் காப்பகம் 1989இல் அறிவிக்கப்பட்டது.

பூங்காவின் எல்லை ஆழத்தை வைத்து எழுதப்பட்டது: நிலப்பக்கம் 3.5 பாகம், கடல் பக்கம் 5 பாகம். ஒரு பாகம் 1.83 மீட்டர், ஆக 6.4 மீட்டரும் 9.1 மீட்டரும். ஈயக்குண்டுக் கயிறு வைத்திருப்பவருக்கு இது எளிது. கைப்பேசி வரைபடத்தில் நேர்கோடாகப் போட்டிருக்கும் எல்லையை மட்டும் நம்பினால் தவறிவிடும்.

கடற்புல்லுக்கும் தீவுக்கும் என்ன தொடர்பு?

வேர்கள் வடக்குப் பக்க மணலைப் பின்னிப் பிடித்திருக்கின்றன. இழுவலை உரசிப் புல் பெயர்ந்தால் வண்டல் கலங்கி, மிதந்து, பவளத்தின் மேல் படிந்து மூச்சை அடைக்கும். ஆவுளியா (கடல் பசு) மேய்வதும் இந்தப் புல்வெளியில்தான்.

குருசடையில் பவளத்தை ஒரு பாசி மூடியது என்கிறார்களே?

கப்பாபைகஸ். பாக் நீரிணையில் வளர்ப்புக்காகக் கொண்டுவந்த வெளிநாட்டுப் பாசி. குருசடைப் பவளத்தின் மேல் அது படர்ந்திருப்பது 2008இல் பதிவானது. கரையோரப் பெண்கள் காலங்காலமாக எடுத்துவரும் மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி, கட்டைக்கோரை போன்றதல்ல இது. தடித்த பாய் போல மூடி வெளிச்சத்தைத் தடுக்கும். கையால் பிடுங்கினால் போதாதா என்று கேட்பார்கள். விரல்நுனி அளவு துண்டு கிளை இடுக்கில் மாட்டியிருந்தாலும் மறுபடி முளைக்கும். பிடுங்கியதைக் கடலிலேயே உதறினால் பரப்பிவிட்டதாகவே ஆகும். பிடுங்கியவுடன் பையில் போட்டுக் கரைக்குக் கொண்டுவர வேண்டும், அதே இடத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும்.

பவளம் வெளிறியிருந்தால் செத்துவிட்டதா?

உடனே இல்லை. ஏப்ரல் முதல் ஜூன் வரை நீர் சூடேறும்போது பவளம் தன் உடலுக்குள் இருக்கும் நுண்பாசியை வெளியேற்றும், வெள்ளையாகும். சில வாரங்களில் நீர் ஆறினால் நிறம் திரும்பும். ஆறாவிட்டால் பட்டினியில் சாகும், மேலே பச்சையாகவோ பழுப்பாகவோ பாசி படரும். அந்தப் படர்ந்த நிறம்தான் சாவின் அடையாளம். 1998, 2010, 2016 ஆண்டுகளில் இங்கே பெரும் வெளிறல் நடந்தது. கிளைவிடும் பவளம் முதலில் போகும், உருண்டைப் பவளம் தாங்கும்.

2004 சுனாமியைத் தடுத்தது இந்தத் தீவுகள்தானா?

ராமநாதபுரக் கரை தப்பியதற்கு முதல் காரணம் இலங்கை. அலை கிழக்கிலிருந்து வந்தது, இந்தக் கரை இலங்கையின் நிழலில் இருந்தது. மிச்சத்தைப் பார்களும் தீவுகளும் தணித்திருக்கலாம்.

போய்ப் பார்க்க முடியுமா?

அனுமதி இல்லாமல் எந்தத் தீவிலும் இறங்கக் கூடாது. மீனவர் படகில் 'சும்மா அரைமணி நேரம்' இறக்கிவிடுவதாக யாராவது சொன்னால் வழக்கு படகுக்காரர் மேலும் வரும், உங்கள் மேலும் வரும். பொதுமக்களுக்கு உள்ள வழி, பாம்பன் அருகே குந்துகாலிலிருந்து குருசடைக்கு வனத்துறை நடத்தும் படகுப் பயணம். கடல் கொந்தளித்தால் நிறுத்திவிடுவார்கள், ஆகவே கச்சான் காலத்தில் திட்டமிடாதீர்கள். புறப்படும் முன்பு வனத்துறையிடம் அன்றைய நிலையைக் கேட்டுக்கொள்ளுங்கள். குடிநீரை எடுத்துப் போங்கள், தீவில் கிடைக்காது. அடிப்பகுதி தடித்த செருப்பு வேண்டும், சல்லிக்கல் காலைக் கிழிக்கும், கிழித்தால் ஆற நாளாகும். கரையில் ஒதுங்கிக் கிடக்கும் செத்த பவளத் துண்டைப் பையில் போட்டுக்கொள்வதும் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றம்.